வேகவைத்த மலைமண்

மண் வேகிற வாசனை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சை வேர்க்கடலையைத் தோலோடு அடுப்பில் வைத்து, மறந்துவிட்டு வேறு வேலை பார்த்தால் வீடெல்லாம் ஒரு வாடை வருமே, ஏறக்குறைய அதுதான். மூன்று வாரத்துக்கு முன் நம் ஆய்வகத்தில் ஒரு மாணவி தொட்டி மண்ணை ஆட்டோகிளேவில் வைத்து, நீராவி அழுத்தத்தில் வேகவைத்து எடுத்தாள். திசு வளர்ப்பு அறையில் வாழைக்கன்றுப் புட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த எனக்குக் கதவிடுக்கு வழியாக அந்த ஆவி வந்தது. எண்ணிக்கை விட்டுப்போனது. திரும்ப எண்ணினேன். திரும்பவும் விட்டுப்போனது.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ரயிலில் இடம் கிடைத்தாலும் எழுந்து கதவோரம் போய் நிற்கிறேன். கல்லூரிக்கு ஊரப்பாக்கத்தில் இறங்க வேண்டியவள் இரண்டு முறை கூடுவாஞ்சேரி வரை போய்த் திரும்பினேன். சேலையூர் வீட்டில் துவைத்த துணியை மறுபடி ஊறப்போட்டேன். "பிரஷர் ஏறியிருக்கும், போய் பார்த்துட்டு வா" என்கிறார் வீட்டுக்காரர். பிரஷர் இல்லை, நீதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீ நம் துறைக்கு ஆராய்ச்சிக்கு வந்தபோது நம் இருவருக்குமே முப்பத்தைந்து தாண்டியிருந்தது. எட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் விலங்கியலும் தாவரவியலும் நடத்திவிட்டு, இனிமேல் படிக்காவிட்டால் செத்தே போவேன் என்று வந்து நின்றாய். கடலோரக் குப்பத்தில் பிறந்தவள், அம்மா மீன் விற்பவர். எடுத்துக்கொண்ட விஷயமோ இமயமலை உச்சியில் மரங்களின் வேர். "ஏன்டீ, உங்க ஊர்ல இல்லாத மரமா?" என்று கேட்டேன். "எங்கூர்ல மரம் கீது. மலதான் இல்ல" என்றாய்.

என் சுத்தத்தைப் பார்த்து முதல் வாரமே எனக்குப் பினாயில் என்று பெயர் வைத்தாய். திசு வளர்ப்பு அறை அப்படி. செருப்பை விட்டு, கையை ஸ்பிரிட்டில் கழுவி, மூச்சைக்கூட யோசித்துத்தான் விட வேண்டும். ஒரு புட்டியில் ஒரு வெள்ளை இழை தெரிந்தால் போதும், அலமாரியே போய்விடும். நீயோ முழங்கால் வரை மண்ணோடு வந்து கண்ணாடிக் கதவைத் தட்டுவாய். "இன்னா பினாயிலு, உள்ள வரணும்னா நானும் கொதிக்கிற தண்ணில குளிக்கணுமா?" எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

உத்தரகண்ட் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தாய். உதடெல்லாம் வெடித்து, மூக்கு நுனி தோல் உரிந்து, முகம் மட்டும் அப்படி ஒரு பிரகாசம். பூஜைக் கடையில் பூர்ஜ பத்திரம் என்று விற்பார்களே, அந்தப் பட்டை தரும் பூர்ஜ மரம்தான் அங்கே உயரத்தில் கடைசியாக நிற்கிற மரங்களில் ஒன்று என்றாய். அதற்கு மேலே ஒரு கோடு போட்டாற்போல் மரம் நின்றுவிடுகிறது, பிறகு வெறும் புல்வெளி, அப்புறம் பனி. இப்போதெல்லாம் பனி சீக்கிரமே போய்விடுகிறது என்று ஆடு மேய்ப்பவர்கள் உன்னிடம் சொன்னார்களாம். மலை சூடாகச் சூடாக மரங்களும் மேலே ஏறிவிடும் என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். உனக்கு மட்டும் அது உறுத்தியது.

"வெத காத்துல ஏறிடும்டீ. வேருக்குத் தொணையா ஒரு பூஞ்ச கீதே, அது எப்டி ஏறும்? அதுக்கு இன்னா காலா கீது?"

"பூஞ்சையோட வித்தும் காத்துல பறக்குமே" என்றேன்.

"எல்லாம் பறக்காது. சிலது மண்ணோட மண்ணா அங்கயே கெடக்கும்."

அந்தப் பூஞ்சை மெல்லிய இழைகளாக வேர் நுனியைப் போர்த்திக்கொண்டு, வேர் எட்டாத தூரத்திலிருந்தெல்லாம் நீரும் சத்தும் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்கு மரம் தன் சர்க்கரையைக் கொடுக்கும். கோட்டுக்குக் கீழே காட்டு மண்ணில் அது ஏராளம். கோட்டுக்கு மேலே புல்வெளி மண்ணில் இருக்கிறதா, இல்லாவிட்டால் அங்கே விழுகிற பூர்ஜ விதையின் கதி என்ன என்பதுதான் உன் கேள்வி.

இந்த யோசனை எந்தப் புத்தகத்திலிருந்தும் உனக்கு வரவில்லை. சுனாமிக்குப் பிறகு உங்கள் குப்பத்து மணலில் சவுக்குக் கன்று நட்டார்களாம். முதலில் வைத்ததெல்லாம் மஞ்சளடித்து நின்றதாம். உன் அம்மா மீன் கூடையில் பழைய தோப்பு மண்ணை அள்ளிவந்து குழிக்கு ஒரு பிடி போட்டாராம். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் கன்று எழுந்துவிட்டது. "கடலோரத்துல நடக்குறது மல மேல நடக்காதா?" என்று கேட்டபோது உன் கண்ணில் இருந்த வெளிச்சத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பதினைந்து வருஷமாக நான் செய்துகொண்டிருந்தது வாழைக்கன்றுகளைப் பெருக்கித் தருவது மட்டும்தான்.

சோதனை எளிமையானது. குளிரூட்டிய வளர்ப்புப் பெட்டியில், மேலேயிருந்து கொண்டுவந்த புல்வெளி மண்ணில், பூர்ஜ நாற்று. பாதித் தொட்டிகளில் உயிருள்ள காட்டு மண் ஒரு பிடி. மீதிப் பாதியில் அதே காட்டு மண், ஆட்டோகிளேவில் வேகவைத்து உயிரை எடுத்தது, ஒரு பிடி. எது எது என்று அளப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக பைகளில் ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் போட்டாய். மண்ணை ஒரு முறை வேகவைத்தால் போதாது, மறுநாள் இன்னொரு முறை வைக்க வேண்டும். இரண்டாம் பையை முதல் முறை நீயே வைத்து எடுத்தாய். மறுநாள் காலை அம்மா மீன் ஏலக்கூடத்தில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சேதி வந்து, நீ ஓடினாய். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்தாய்.

"ரெண்டாம் நம்பர் பைய மட்டும் இன்னொரு தபா வெச்சிடு. மத்தத நான் வந்து பாத்துக்கறேன்."

அன்று ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். உனக்குத் தெரியும், அன்றைக்கு நான் நானாக இருக்க மாட்டேன். அலமாரி துடைத்து, பழைய புட்டி ஒழித்து, தேதி தாண்டியதெல்லாம் வேகவைத்துக் கொட்டி, ஆய்வகத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கினால்தான் எனக்குப் பொட்டு வைக்க மனசு வரும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டை இழுத்தேன். இரண்டாம் பை கறுப்பாக, சுத்தமாக இருந்தது. ஒன்றாம் பையில் உறையின் உட்புறமெல்லாம் வெள்ளை இழை ஓடியிருந்தது.

ஐயோ பாவம், அவ்வளவு தூரம் மலையேறிச் சுமந்து வந்த மண், பூஞ்சை பிடித்துவிட்டதே. இதுதான் எனக்குத் தோன்றியது. நீ எனக்கு அந்த இழைகளைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறாய். படம் போட்டுக் காட்டியிருக்கிறாய். எல்லாம் தலைக்குள் இருந்தது, கைக்குப் போய்ச் சேரவில்லை. பதினைந்து வருஷமாக வெள்ளை இழையைக் கண்டால் என் கை ஒன்றைத்தான் செய்யும். இரண்டு பைகளையும் ஆட்டோகிளேவுக்குள் வைத்து மூடியைத் திருகினேன். உனக்கு ஓர் உபகாரம் செய்த திருப்தி வேறு.

ஆவி அடங்கியதும் பைகளை ஆறவைத்து, புது உறைகளில் மாற்றி, அதே எண்களை எழுதி, அதே தட்டில் வைத்தேன். பிறகு ஆட்டோகிளேவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சுற்றி, பொரிகடலை கொடுத்தோம். இரண்டு நாள் விடுமுறை. நீ வந்து கேட்டபோது "வெச்சிட்டேன்" என்றேன். "உன்ன மாறி ஒருத்தி இருந்தா போதும்டீ" என்று என் தோளில் தட்டினாய்.

ஐந்து மாதம் அந்தப் பெட்டிக்குக் குழந்தை வளர்ப்பது போல் காவல் இருந்தாய். கரண்ட் போனால் ஜெனரேட்டர்காரரிடம் சண்டைக்கு நிற்பாய். கடைசியில் நாற்றுகளைப் பிடுங்கி அளந்தால் இரண்டு பக்கமும் ஒரே உயரம், ஒரே மஞ்சள். மைக்ராஸ்கோப்பில் வேர் நுனிகள் மொட்டையாக இருந்தன. ஒன்றாம் பை மண் போட்ட தொட்டிகளிலும் பூஞ்சை ஏறவே இல்லை.

கல்லூரி வாசல் டீக்கடையில் என்னிடம் கேட்டாய். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், மெதுவாகத்தான் கேட்டாய்.

"தப்பா நெனச்சிக்காத. அன்னிக்கி ஒண்ணாம் நம்பர் பைய ஏதாவது பண்ணியா?"

நான் கத்தினேன். மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என் கைய பத்தி என்கிட்டயே கேக்கறியா? பதினஞ்சு வருஷத்துல இந்த லேப்ல ஒரு புட்டி மாறினதில்ல. உன் ரிசல்ட் சரியா வரலன்னா ஊர்ல இருக்கறவங்க மேல எல்லாம் பழி போடுவியா?" டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் நீ வந்தாய். செருப்பை ஒழுங்காக வெளியே விட்டு, கையைக் கழுவிக்கொண்டு, என் அறை வாசலில் நின்றாய். "உன்னப் போய் கேட்டேன் பாரு. தப்புதான்டீ. மன்னிச்சிக்கோ."  கையிலிருந்த புட்டியை மூடி, அலமாரியில் வைத்து, கையுறையைக் கழற்றி, அதற்கப்புறம்தான் "சரி, விடு" என்றேன். உன்னை அவ்வளவு நேரம் நிற்கவைத்தேன்.

சோதனை என்ன சொன்னதோ அதை நீ எழுதினாய். காட்டு மண் ஒரு பிடி போடுவதால் புல்வெளியில் நாற்றுக்குப் பயன் எதுவும் தெரியவில்லை என்று எழுதினாய். கருத்தரங்கில் யாரோ உன் சவுக்குக் கதையைச் சொல்லிச் சிரித்தபோதும், "சோதனை சொல்றதத்தான் நான் சொல்ல முடியும் சார்" என்று நின்றாய். கொண்டுவந்த மண் தீர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் மறுபடி போய் அள்ளிவரலாம் என்று காத்திருந்தாய். அதற்குள் காய்ச்சல் என்று படுத்தவள், பத்தே நாளில் போய்விட்டாய். உன் பக்கத்தில் கடைசி இரண்டு நாள் நான் இருந்தேன். முகத்தில் மாஸ்க், கையில் கையுறை. அப்போதும் சுத்தமாகத்தான் இருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் அந்த வாசனை வந்த அன்று மாலை, எல்லாரும் போன பிறகு, ஆட்டோகிளேவின் பழைய பதிவேடுகளை ஸ்டோர் அறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். என் கையெழுத்து. மலைமண், பை ஒன்று, பை இரண்டு. எத்தனை நிமிடம், எவ்வளவு அழுத்தம், கீழே என் கையொப்பம். நான் எதையும் எழுதாமல் விடுகிறவள் இல்லையே.

அந்தப் பதிவேடு அப்போது ஆட்டோகிளேவுக்குப் பக்கத்தில் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நீ அதைப் புரட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை. நீ புரட்டவில்லை. பதிவேட்டை விட என்னை நம்பினாய். என்னைக் கேட்டாய்.

மறுநாள் துறைத்தலைவரிடம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "இப்பப் போய் இதக் கிளறி என்ன மேடம் ஆகப்போகுது? அவங்களும் இல்ல. எப்படி நடந்துது?" என்றார். "பூஜை கூட்டத்துல மறந்துட்டேன் சார்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மறதி யாருக்கும் வரும். உன் வழிகாட்டிக்கும், அந்த அறிக்கையை வாங்கி வைத்திருக்கும் இடங்களுக்கும் கடிதம் எழுதினேன். அந்தச் சோதனை தோற்கவில்லை, நடக்கவே இல்லை, இரண்டு பக்கமும் செத்த மண்தான் இருந்தது, தவறு என்னுடையது என்று எழுதினேன். துறைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தார். என் கையெழுத்தோடு மட்டும் அனுப்பினேன்.

மலையில் உன்னோடு வேலை செய்த நாற்றங்கால்காரரின் எண் என்னிடம் இருந்தது. உன்னை அக்கா முறையில் தீதி தீதி என்று கூப்பிடுவாரே, அவர்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். உன் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் காட்டு மண் சேர்க்காமல் புல்வெளியில் பூர்ஜக் கன்று வைத்தார்களாம். முக்கால்வாசி விரலளவுக்கு மேல் எழவே இல்லையாம். "குளிர் தாங்கவில்லை என்று நினைத்துவிட்டோம்" என்றார். அடுத்த மழைக்கு இரண்டு வரிசை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார், ஒன்றுக்கு மட்டும் கீழே இருந்து ஒரு பிடி மண். எப்படி இப்படி ஆனது என்று அவரும் கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். அடுத்த மழை வரை நான் எப்படி இருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை. ஒருவேளை அந்த வரிசையும் எழாமல் போகலாம். நீ சொன்னது சரி என்று இதுவரை யாரும் காட்டவில்லை, தவறு என்றும் காட்டவில்லை. என்னால் உனக்குப் பதிலே கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை, உன் அம்மா மீன் விற்கிற கோவிலம்பாக்கம் போனேன். இன்னும் அதே சாலை வளைவில்தான் கூடையை வைத்திருக்கிறார். இடுப்பு அன்று விழுந்ததிலிருந்து சரியாகவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்கிறார்.

"யாரு, பினாயிலா? வாம்மா. எவ்ளோ நாளாச்சு."

பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அவ சொன்னது சரியா?"

"தெரியலம்மா. தெரிஞ்சுக்கறதுக்கு இருந்த மண்ண நான் வேகவெச்சிட்டேன்."

ஓர் அம்மாள் வந்து விலை கேட்டு, பேரம் பேசி, வாங்கிக்கொண்டு போனார். உன் அம்மா கையைத் தண்ணீரில் அலசினார்.

"ரொம்ப நாளு சொல்லிகினு இருந்தாம்மா. நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன், எங்கனு தெரில, எங்கனு தெரிலன்னு. சோறு துன்ன மாட்டா. நோட்ட எட்த்து வெச்சிகினு பாத்துகினே இருப்பா." பிறகு என்னைப் பார்த்தார். "நீ எப்டிம்மா மறந்த?"

"பூஜை நேரம்மா. மறந்துட்டேன்."

 அவர் என் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மீன் வாங்க வருகிறவர்களின் பொய்யை எத்தனை வருஷமாகப் பார்த்திருப்பார்.

"எல்லாரான்டயும் சொல்லிகினு வர்ற. அவளான்ட சொன்னியா?"

"அவதான் இல்லியேம்மா."

"இல்லன்னா இன்னா? சொல்லு."

அதனால்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களிடம் சொன்னது உனக்குச் செல்லாது. மறந்தது உண்மை. ஆனால் டீக்கடையில் நீ அந்தக் கேள்வியைக் கேட்கும் வரைதான். நீ கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பை என் கண் முன் வந்துவிட்டது, உட்புறம் வெள்ளை இழையோடு. வந்ததால்தான் கத்தினேன். உன் உழைப்பு பாழானதற்காக இல்லை, என் பெயர் போய்விடுமே என்று கத்தினேன். அடுத்த ஒன்பது நாளும் தினமும் அந்தப் பதிவேட்டைத் தாண்டித்தான் என் அறைக்குப் போனேன். பத்தாம் நாள் நீ வந்து மன்னிப்புக் கேட்டாய், நான் வாங்கிக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் வேலைக்குப் போய்வந்திருக்கிறேன். இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது.

எங்கே தப்பு, எங்கே தப்பு என்று தேடினாயாமே. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.